புயல் தாங்கும் சன்னலுக்கு 31,000 டாலரா?

வீடு: வாசகர் கேள்வி – பதில்

(பதில் தருபவர் பாளையங்கோட்டையில் கட்டுமானப் பொறியாளர். முன்பு ஃப்ளோரிடாவில் சன்னல் பொருத்தும் நிறுவனம் ஒன்றில் செலவுக் கணக்குப் போடும் வேலையில் இருந்தவர்.)

கேள்வி: என் மகன் ஃப்ளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேல் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறான். 1988-இல் கட்டியதாம். சன்னலை எல்லாம் எடுத்துவிட்டுப் புயல் தாங்கும் சன்னல் போட வேண்டுமென்று சொல்கிறார்கள். 12 சன்னல், பின்பக்கம் ஒரு பெரிய சறுக்குக் கண்ணாடிக் கதவு, ஒரு வாசல் கதவு. எல்லாம் சேர்த்து 31,000 டாலர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நம் காசில் 25 லட்சத்துக்கு மேலே போகிறது. என் ஓய்வூதியப் பணம் பேங்க்கில் இருக்கிறது, பிள்ளைக்குக் கொடுக்கத் தயார்தான். ஆனால் வெளியூர்க்காரன் என்று ஏமாற்றுகிறார்களோ? ஆலங்குளத்தில் நல்ல ஆசாரியை வைத்துத் தேக்கில் செய்து கப்பலில் அனுப்பினால் என்ன?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மகாராஜநகர்

பதில்: சார், உங்கள் மகன் அனுப்பிய விவரத்தையும் சேர்த்து வைத்திருந்தீர்கள், நல்லதாகப் போயிற்று. சன்னல் ஒன்றுக்குப் பொருத்துக்கூலியோடு சராசரி 1,400 என்று 16,800. சறுக்குக் கதவு 5,500. வாசல் கதவு 4,500. பெர்மிட்டுக்கும் வரைபடத்துக்கும் 1,200. பழையதைப் பெயர்த்து எடுக்க, சுவர்ப் பூச்சைச் சரி செய்ய 3,000. இது ஏமாற்று விலை இல்லை. அந்த ஊரில் நடக்கிற விலைதான். ஆனால் விலை நியாயமாக இருப்பது வேறு, உங்கள் மகன் இவ்வளவும் இப்போதே செலவழிக்க வேண்டுமா என்பது வேறு. இரண்டாவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தேக்கு விஷயம். மரத்தின் பலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே ஊர் ஊராகக் கூரையைப் பிய்த்துப் போட்ட பிறகு, அங்கே சட்டம் கடுமையாகிவிட்டது. 2002-இலிருந்து மாநிலம் முழுக்க ஒரே கட்டட விதி. அதிலும் மயாமி-டேட், ப்ரோவார்ட் என்ற இரண்டு கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் மாதிரி) தனிக் கெடுபிடி. ஃபோர்ட் லாடர்டேல் ப்ரோவார்டில் இருக்கிறது. சோதனையில் தேறி அங்கீகார எண் வாங்கிய சன்னலைத்தான் அங்கே சுவரில் வைக்கலாம். எண் இல்லாத சன்னலை இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ண மாட்டார், கழற்றி எடுக்கச் சொல்வார்.

அந்தச் சோதனையைத் தெரிந்துகொண்டால் விலையின் காரணமும் விளங்கிவிடும். கட்டுமானத்துக்குப் போடுகிற நீளமான மரச்சட்டம், 9 பவுண்டு எடை, அதாவது நாலு கிலோவுக்குச் சற்று மேல். அதைக் காற்றழுத்தக் குழாயில் வைத்து மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் சன்னலைப் பார்த்து எறிவார்கள். ஒரு தடவை நடுவில், ஒரு தடவை மூலையில். கண்ணாடி விரிசல் விடலாம், ஓட்டை விழக் கூடாது. அதோடு விடுவதில்லை. விரிசல் விட்ட அதே சன்னலை 9,000 தடவை அழுத்தியும் இழுத்தும் பார்ப்பார்கள், புயல் மணிக்கணக்கில் செய்கிற வேலை அது. அதற்குப் பிறகும் சட்டத்தை விட்டுக் கண்ணாடி கழன்று வராமல் இருந்தால்தான் தேர்ச்சி. இரண்டு கண்ணாடிக்கு நடுவே கெட்டியான பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடி, கனத்த அலுமினியச் சட்டம், வலுவான பூட்டு, இத்தனையும் சேர்ந்துதான் அந்த 1,400.

இத்தனை பாடு கண்ணாடியைக் காப்பாற்ற இல்லை சார், கூரையைக் காப்பாற்ற. ஒரு சன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்தால் அது வெளியே போக வழி தேடும். மேலே ஏற்கெனவே காற்று கூரையை இழுத்துக்கொண்டிருக்கிறது, கீழேயிருந்தும் தள்ளினால் கூரை தாங்காது. பணகுடி பஸ் ஸ்டாண்டில் ஆடி மாதம் குடைக்குள் காற்று புகுந்தால் என்ன ஆகிறது என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதேதான். அங்கே நிறைய வீடுகளுக்கு மரக்கூரை, நம்மூர்த் தளம் மாதிரி கான்கிரீட் இல்லை.

ஆகவே பாதி வீட்டுக்குப் பாதுகாப்பு என்று ஒன்று கிடையாது. பதினோரு சன்னலுக்கு நல்லது போட்டுவிட்டு, குளியலறைச் சன்னல்தானே என்று ஒன்றை விட்டால், காற்று அந்த வழியாக வரும். உங்கள் மகன் அனுப்பிய கணக்கில் எனக்குப் பளிச்சென்று பட்டது இதுதான்: கார் ஷெட் கதவு அதில் இல்லவே இல்லை. வீட்டிலேயே பெரிய திறப்பு அது. 1988-ஆம் வருஷக் கதவு அப்படியே இருந்தால், 31,000 செலவழித்த பிறகும் வீட்டுக்கு முன்பக்கம் ஒரு பெரிய வாய் திறக்கக் காத்திருக்கும். வேறு எதையும் கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கூரை. ஆண்ட்ரூவுக்கு முந்தைய வீடு. கூரைச் சட்டங்களைச் சுவரோடு இரும்புப் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறார்களா, ஆணி மட்டும்தானா, மேல் ஓட்டுக்கு எத்தனை வயசு என்று பார்க்காமல் சன்னலில் பணம் போடக் கூடாது. காற்றுப் பாதுகாப்புப் பரிசோதனை என்று அங்கே ஒன்று செய்வார்கள், அதற்கென்று மாநிலம் வகுத்த படிவமே உண்டு. அதை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கொடுத்தால் புயல் பிரீமியத்தில் சலுகை தந்தாக வேண்டும், சட்டம் அப்படி. திறப்புகளுக்கான முழுச் சலுகை எல்லாத் திறப்புக்கும் பாதுகாப்புப் போட்டால்தான் கிடைக்கும். எனவே ஏஜென்டிடம் இப்போது எவ்வளவு பிரீமியம், எல்லாம் மாற்றினால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். ஃப்ளோரிடாவில் வீட்டு இன்சூரன்ஸ் பெரிய பாரம். வருஷா வருஷம் மிச்சமாவது தெரிந்தால்தான் 31,000 பெரிசா சின்னதா என்று சொல்ல முடியும்.

மாநில அரசின் உதவி ஒன்றும் இருக்கிறது. ‘மை சேஃப் ஃப்ளோரிடா ஹோம்’ என்று பெயர். பரிசோதனை இலவசம். மானியம் கிடைத்தால் நாம் போடும் 1 டாலருக்கு அவர்கள் 2 டாலர், அதிகபட்சம் 10,000 வரை. அதாவது 15,000 டாலர் வேலைக்குக் கையிலிருந்து 5,000 போதும். சொந்தமாகக் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும், வருமானத்தைப் பார்ப்பார்கள், ஒதுக்கிய பணம் தீர்ந்தால் வரிசையில் நிற்க வேண்டும். முக்கியமாக, அனுமதி வருவதற்கு முன்னால் வேலையைத் தொடங்கிவிட்டால் மானியம் போச்சு. கம்பெனிக்காரர் அவசரப்படுத்தினாலும் உங்கள் மகன் அவசரப்படக் கூடாது.

இனி என் யோசனை. எல்லாத் திறப்புக்கும் விலை உயர்ந்த கண்ணாடியே வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. அங்கீகாரம் பெற்ற புயல் மறைப்புப் போட்டாலும் போதும். அலுமினியத் தகடாகக் கிடைக்கிறது, புயல் வரும்போது போல்ட்டில் மாட்டிவிட்டு அப்புறம் கழற்றி வைக்க வேண்டும். புதுச் சன்னல் செலவில் நாலில் ஒரு பங்குக்குள்ளேயே முடிந்துவிடும். சுவரோடு மடங்கி நிற்கிற மடிப்புக் கதவு மாதிரியும் உண்டு, அது கொஞ்சம் கூட. நான் அங்கே வயசானவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது பெரும்பாலும் கலந்துதான் எழுதுவேன்: பின்பக்கச் சறுக்குக் கதவுக்கும் படுக்கையறைகளுக்கும் புயல் கண்ணாடி, மற்றதற்கெல்லாம் மடிப்பு மறைப்பு. படுக்கையறையில் கண்ணாடி எதற்கென்றால், எல்லாத் திறப்பையும் தகடு போட்டு அடைத்த வீட்டில் தீப்பிடித்தால் வெளியே குதிக்க வழி வேண்டும்.

தகடுதான் மலிவு என்று அதையே முழுக்கப் போட்டுவிடாதீர்கள். புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு விடுவதும் அந்த நேரம்தான், உங்கள் மகன் குடும்பத்தோடு ஊருக்கு வருவதும் அப்போதுதான் இருக்கும். அவர்கள் மகாராஜநகரில் இருக்கும்போது அங்கே புயல் எச்சரிக்கை வந்தால் ஏணி போட்டு ஏறித் தகட்டை யார் மாட்டுவது? பக்கத்து வீட்டுக்காரரை எத்தனை தடவை கேட்க முடியும்?

பொருத்துகிற வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த கோளாறெல்லாம் அங்கேதான். அங்கீகார எண்ணோடு ஒரு வரைபடம் வரும். எத்தனை அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ, கான்கிரீட்டுக்குள் எவ்வளவு ஆழம், சுவர் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி என்று எல்லாம் அதில் இருக்கும். பழைய சன்னலை எடுத்ததும் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு மரப்பட்டை தெரியும். 1988-ஆம் வருஷ வீட்டில் அது உளுத்துப்போயிருக்க வாய்ப்பு நிறைய. அதை மாற்றாமல் அதன்மேலேயே முடுக்கினால், தேர்ச்சி பெற்ற சன்னல் சட்டத்தோடு பிடுங்கிக்கொண்டு போகும். ‘பட்டை மாற்ற வேண்டிவந்தால் அடிக்கு எவ்வளவு’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்க வேண்டும். இல்லாவிட்டால் சுவர் திறந்து கிடக்கும்போது கேட்கிற விலையைக் கொடுக்க வேண்டியதுதான். மூலையில் இருக்கும் சன்னலுக்குக் காற்றழுத்தம் அதிகம். அதற்குரிய அழுத்த எண் அந்தத் தாளில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கிற முறை: மூன்று இடத்தில் விலை வாங்க வேண்டும். லைசென்ஸ் எண்ணை மாநில இணையதளத்தில் சரிபார்க்கலாம். பெர்மிட் கம்பெனி பெயரில்தான் எடுக்க வேண்டும், ‘நீங்களே எடுத்துவிடுங்கள்’ என்று சொல்பவரை விட்டுவிட வேண்டும். கடைசித் தவணை, இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு. சொத்துவரியோடு சேர்த்துக் கட்டுகிற கடன் என்று ஒன்றை வாசலில் வந்து விற்பார்கள். தவணை தவறினால் வீட்டின் மேலேயே கை வைக்கும், நான் அதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நேரமும் முக்கியம். 2017 செப்டம்பரில் இர்மா புயல் வந்தபோது நான் அங்கே இருந்தேன். அதற்கு முந்தின வாரம் எங்கள் ஆபீஸில் போன் ஓயவே இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் அழுதாள். கொடுக்க ஒரு சன்னல்கூட இல்லை, இருந்தாலும் பெர்மிட் இல்லாமல் மாட்ட முடியாது. ஆர்டர் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பொருள் இது. டிசம்பரில் பேச ஆரம்பித்தால் ஜூனுக்குள் முடிக்கலாம்.

உங்கள் ஓய்வூதியப் பணம் முழுவதையும் கொடுக்காதீர்கள் சார். பரிசோதனைக்கும் கூரைக்கும் கார் ஷெட் கதவுக்கும் முதலில், மானியம் வந்தால் அதை வைத்துச் சன்னல் என்று மகனிடம் பேசுங்கள். நீங்கள் உதவுவதானால் அந்தச் சறுக்குக் கதவுக்கு உதவுங்கள். வீட்டிலேயே பெரிய கண்ணாடி அதுதான்.

கேள்வி: அக்கா, நான் துபாயில் இருக்கிறேன். திசையன்விளைக்கும் உவரிக்கும் நடுவில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரிப் புயல் சன்னல் நம் ஊருக்கும் தேவையா? ஒக்கிப் புயலுக்குப் பிறகு அம்மா பயப்படுகிறார்கள்.
— உவரி வட்டாரத்து வாசகர்

பதில்: தம்பி, அம்மாவின் பயம் நியாயமானது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி கன்னியாகுமரிக்குத் தெற்கே போனபோது என் அம்மாவும் பணகுடியிலிருந்து போன் பண்ணி, வேப்பமரம் விழுகிற சத்தத்தை எனக்குக் கேட்க வைத்தார்கள். ஆனாலும் மரச்சட்டம் எறிந்து சோதித்த சன்னல் நமக்கு வேண்டாம். உங்கள் வீடு கான்கிரீட் தளம், காற்றில் பறக்காது. நம் நாட்டுக் காற்றுக் கணக்கு விதியில், கட்டடம் தாங்க வேண்டிய காற்று வேகம் சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் 39 மீட்டர். மணிக்கு எவ்வளவு என்று சொன்னால் 180 கிலோமீட்டர், 140 கிலோமீட்டர். நல்ல சாதாரணச் சன்னலை ஒழுங்காகப் பொருத்தினால் நம் பக்கத்துக்குப் போதும்.

உங்களுக்கு எதிரி வேறு: உப்பும் தேரி மண்ணும். ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது அந்தச் செம்மண் சறுக்குச் சன்னலின் தடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வருஷத்தில் சன்னல் நகராது, பூட்டு சேராது, மழைத்தண்ணீர் உள்ளே வரும். அதனால் சறுக்குச் சன்னல் வேண்டாம். கீல் வைத்துத் திறக்கிற வகை வாங்குங்கள், கைப்பிடியைத் திருப்பினால் மேலும் கீழும் நடுவிலும் பூட்டிக்கொள்கிற மாதிரி. மேற்குப் பக்கம் சன்னலைச் சின்னதாக வையுங்கள்.

யு.பி.வி.சி. (கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம்) உப்புக்கு நல்லது. ஆனால் உள்ளே இரும்புக் குழாய் கொடுத்திருக்கிறார்களா என்று அறுத்த துண்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். விலை குறைத்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் குறைப்பார்கள். கீலும் ஸ்க்ரூவும் துருப்பிடிக்காத ஸ்டீல். இந்தச் செலவில் கஞ்சத்தனம் கூடாது, கடலோரத்தில் சாதா ஸ்க்ரூ அரித்துவிட்டால் நல்ல சன்னலும் தொங்கிப்போகும். கண்ணாடி லாமினேட்டட் வாங்குங்கள். டஃபன்டு கண்ணாடி (சூடாக்கிக் கெட்டியாக்கியது) உடைந்தால் பொடிப்பொடியாக உதிர்ந்து மொத்தத் திறப்பும் வெறும் ஓட்டையாகிவிடும். லாமினேட்டட் விரிசல் விட்டாலும் இடத்தில் நிற்கும்.

நான் சமீபத்தில் இங்கே கேட்ட விலை, சாதாக் கண்ணாடியோடு, கூலியும் சேர்த்து, சதுர அடிக்கு 650 முதல் 800 ரூபாய். 4-க்கு 4 அடியில் 10 சன்னல் என்றால் 160 சதுர அடி. 700 ரூபாய் வைத்தால் 1,12,000. லாமினேட்டட் கண்ணாடிக்குச் சதுர அடிக்கு இன்னும் 200 வரை, 32,000. இந்த 1,44,000-க்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், சுமார் 26,000. வரி சேர்த்தா சேர்க்காமலா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பொருத்தும்போது அண்ணனோ மாமாவோ யாராவது கூடவே நிற்கட்டும். நுரையைப் பீய்ச்சி, சிலிகான் பூசி, ‘முடிந்தது அண்ணாச்சி’ என்று போகிறவர்கள் உண்டு. நுரை இடைவெளியை அடைக்குமே தவிர சன்னலைப் பிடித்துக்கொள்ளாது. ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு சாண் தள்ளி ஒன்று, நடுவில் இரண்டு அடிக்குள் ஒன்று என்று நீள ஸ்க்ரூ சுவருக்குள் இறங்க வேண்டும். பூச்சில் நின்றால் போதாது, செங்கல்லோ கான்கிரீட்டோ பிடிக்க வேண்டும்.

கேள்வி: புயல் எச்சரிக்கை வந்தால் கண்ணாடியில் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டச் சொல்கிறார்கள். ஒரு பக்கச் சன்னலைத் திறந்து வைத்தால் காற்று வெளியே போய்விடும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?
— கல்லூரி மாணவி, தென்காசி

பதில்: இரண்டும் சரியில்லை அம்மா. டேப் கண்ணாடிக்குப் பலம் தராது. உடைந்தால் பெரிய பெரிய துண்டாக விழும், அது இன்னும் ஆபத்து. திறந்து வைத்த சன்னல் காற்றை வெளியே அனுப்பாது, உள்ளே கூப்பிடும். எல்லாவற்றையும் மூடித் தாழ் போட்டுவிட்டு, கண்ணாடி இல்லாத நடு அறையில் இருங்கள். மொட்டை மாடியில் கிடக்கும் தகரம், பூந்தொட்டி, பழைய சட்டம் எல்லாவற்றையும் முந்தின நாளே கீழே இறக்கிவிடுங்கள். அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைப்பது பெரும்பாலும் நம் மாடிச் சாமான்தான்.

கேள்வி: களக்காட்டில் எங்களுடையது மாமனார் காலத்து ஓட்டு வீடு. சன்னலுக்கு மரப்பலகைக் கதவு. இருட்டாக இருக்கிறது, கழற்றிவிட்டுச் சறுக்குக் கண்ணாடி போடலாம் என்கிறான் மகன். எனக்கு மனசில்லை. என்ன செய்யட்டும்?
— குடும்பத்தலைவி, களக்காடு

பதில்: கழற்ற விடாதீர்கள் அம்மா. ஃப்ளோரிடாவில் காசு கொடுத்து மாட்டுகிற மறைப்பு செய்கிற வேலையை, கீல் போட்ட அந்தப் பலகைக் கதவு உங்கள் வீட்டில் மாமனார் காலத்திலிருந்தே செய்துகொண்டிருக்கிறது. உங்களுடையது ஓட்டுக் கூரை. காற்று உள்ளே புகுந்தால் முதலில் கிளம்புவது ஓடுதான். ஆகவே கான்கிரீட் வீட்டை விட உங்களுக்குத்தான் அந்தக் கதவு அதிகம் தேவை.

மகன் வெளிச்சம் கேட்பதும் தப்பில்லை. சட்டம் அகலமாக இருந்தால் கம்பிக்கு உள்பக்கம் சின்னக் கண்ணாடிக் கதவு ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். பகலில் பலகையைத் திறந்து வைத்துக் கண்ணாடியை மூடிக்கொள்ளலாம், பெரிய காற்று வந்தால் பலகையையும் சாத்திக்கொள்ளலாம். ஆசாரி வரும்போது கீல் ஆட்டம் கண்டிருக்கிறதா, கொண்டி ஓட்டையில் சரியாக உட்காருகிறதா, சட்டத்தின் அடிப்பக்கம் செல் அரித்திருக்கிறதா என்று மூன்றையும் பார்க்கட்டும். கொண்டி மட்டும் மாற்றுவதென்றால் செலவு சில நூறு ரூபாய்தான். ஒவ்வொரு கதவுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாளாகப் போடச் சொல்லுங்கள். ஐப்பசி மழை தொடங்கினால் மரம் ஊதிக்கொள்ளும், அளவு சரியாக வராது. புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.